‘அழுத்துறேன்க்கா, வரல’: முட்டி அறுவைக்குப் பிறகு ஒரு கபடி வீராங்கனையும் தசை சென்சாரும்

2024 மே மாத நடுவில், காரிமங்கலம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு தர்மபுரியில் உள்ள என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தாள். கபடி ஆடுபவள், ரெய்டர். இருவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், அதனால் ‘அவள்’ என்றே போகிறேன்.

அந்த வருடப் பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் போட்டி. மண் தரை. பாடிப் போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும் நொடியில், வலது கால் ஊன்றியது ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. யாரும் அவளைப் பிடிக்கவில்லை, இடிக்கவும் இல்லை. உள்ளே ‘டப்’பென்று ஏதோ அறுந்த மாதிரி கேட்டதாம். இரவுக்குள் முட்டி வீங்கிவிட்டது. முதலில் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப் போனார்கள், மூன்று வாரம் அப்படியே போனது. பிறகு எடுத்த ஸ்கேனில்தான், டாக்டர்கள் ஏசிஎல் என்று சொல்லும் முன் சிலுவை ஜவ்வு முழுக்கக் கிழிந்திருப்பது தெரிந்தது. பிப்ரவரி கடைசியில் வெளியூரில் அறுவை நடந்தது. அதே காலின் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாக வைத்திருந்தார்கள்.

என்னிடம் வந்தபோது அறுவை முடிந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த பயிற்சித் தாளை மடித்து மடித்துக் கிழியும் நிலையில் வைத்திருந்தாள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. காலை நீட்டியபடியே தூக்கும் பயிற்சி ஒரு நாளைக்கு 90 தடவை, பாயில் அழுத்தும் பயிற்சி 100 தடவை. ஒவ்வொரு நாளும் டிக் அடித்திருந்தாள். விட்டுப்போன நாள் இரண்டுதான்.

ஆனால் கால் வேறு கதை சொன்னது. முட்டிச்சில்லுக்கு 10 செ.மீ. மேலே நாடாவைச் சுற்றினால் வலது தொடை இடதைவிட மூன்றரை செ.மீ. சிறியது. காலைத் தூக்கும்போது முட்டி முழுசாக நீளாமல் எட்டு டிகிரி தொங்கியது. முட்டிக்குள் கொஞ்சம் நீர் இன்னும் இருந்தது. நடையிலும் முட்டி மடங்கியே இருந்தது. “மூணு மாசம் ஆச்சு, கால் சூம்பிக் கெடக்குதே டாக்டரம்மா. இவ சரியா செய்யறதில்லைன்னு கோச்சு சொல்றாரு” என்றார் அம்மா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் என்ன செய்தேன்? தொடை மேல் கையை வைத்து, “இறுக்கு. இன்னும் அழுத்து” என்றேன். நான்கைந்து முறை சொல்லியிருப்பேன்.

“அழுத்துறேன்க்கா, வரல.”

இந்த வார்த்தையை இதற்கு முன் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் நம்பியதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் காது கொடுத்ததும் இல்லை. அன்று என்னிடம் இரண்டு சேனல் கொண்ட ஒரு சிறிய இஎம்ஜி கருவி, அதாவது தசையின் மின் அலையைப் பதியும் சென்சார், இருந்தது. சேலத்தில் வேலை செய்யும் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கியது. அதை மாட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது.

முதல் நாள் திரையில் கண்டது

மூளையின் கட்டளை நரம்பு வழியாக வந்து சேரும்போது தசை நார்களின் மேல் ஒரு மின் அலை ஓடும். தோலில் ஒட்டிய எலக்ட்ரோடு அதன் மிச்சத்தைப் பிடிக்கிறது. சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில மில்லிவோல்ட் வரைதான் கிடைக்கும், நமக்கு வேண்டிய பகுதி பெரும்பாலும் 20 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். எவ்வளவு கட்டளை வந்து சேர்ந்தது என்பதற்கு இது ஒரு தடயம். எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்பதற்கான அளவு இது கிடையாது. இந்த வித்தியாசம் பின்னால் எங்களை ஒரு பெரிய தவறிலிருந்து காப்பாற்றியது, அதை அங்கே சொல்கிறேன்.

முன்தொடையில் நான்கு தசைகள். அதில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் இடுப்பையும் தாண்டிப் போகிறது, அதனால் காலைத் தூக்கவும் உதவும். மற்ற மூன்றும் முட்டியை நீட்ட மட்டுமே. முட்டிக்கு மேலே உள்பக்கம் கண்ணீர்த்துளி வடிவில் புடைத்துத் தெரியும் வாஸ்டஸ் மீடியாலிஸ் (இனி உள்தொடைத் தசை) மேல் ஒரு சேனலையும், ரெக்டஸ் மேல் இன்னொன்றையும் வைத்தேன். எங்கே ஒட்டுவது என்பதற்கு, 1990களில் ஐரோப்பாவில் நடந்த செனியம் திட்டம் கொடுத்த பரிந்துரைகள் உண்டு. உள்தொடைத் தசைக்கு, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முட்டியின் உள்பக்க மூட்டு இடுக்கு வரை கோடு போட்டு, அதில் 80 சதவீத தூரத்தில். இரண்டு எலக்ட்ரோடுகளின் நடுவே 20 மி.மீ. இடைவெளி. முடியை மழித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இசிஜிக்குப் பயன்படும் வட்ட ஸ்டிக்கரே போதும்.

இந்த வேலையில் ஒரு பெண்ணின் தொடையைத் தொடவேண்டியிருக்கிறது. அம்மாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் செய்தேன். நம் ஊரில் பெண்பிள்ளைகள் பாதியில் சிகிச்சையை விடுவதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம். அதைப் பேசாமல் கருவியைப் பற்றி மட்டும் பேசினால் சரியாகாது.

முதலில் நல்ல கால். இறுக்கச் சொன்னேன், உள்தொடைத் தசையில் 180 மைக்ரோவோல்ட் வாக்கில் ஏறியது. அதே வேலை வலது காலில், முகம் சிவக்க இறுக்கினாள். 35. மூன்று தடவையும் 35-ஐத் தாண்டவில்லை.

அப்புறம் காலைத் தூக்கச் சொன்னேன், அவள் தினமும் 90 தடவை செய்த அதே பயிற்சி. ரெக்டஸ் சேனல் கிட்டத்தட்ட இடது கால் அளவுக்கே எழும்பியது. உள்தொடைக் கோடு தரையோடு கிடந்தது. அதாவது இத்தனை வாரமாக அவள் இடுப்பு மடக்கும் தசைகளுக்குத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறாள். பாயில் அழுத்தும் பயிற்சியையும் சோதித்தேன். இரண்டாவது சேனலைப் பின்தொடைக்கு மாற்றினேன். முட்டிக்கு அடியில் வைத்த துண்டை அவள் அழுத்தியது முழுக்கப் பின்தொடையாலும் பிட்டத்தாலும். வெளியிலிருந்து பார்த்தால் பயிற்சி சரியாகத்தான் தெரியும், துண்டு நசுங்குகிறது அல்லவா.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அடிபட்ட, நீர் கோத்த மூட்டிலிருந்து போகும் உணர்வுச் செய்திகள் தண்டுவடத்திலேயே முன்தொடைக்கான கட்டளையை அடக்கிவிடுகின்றன. நல்ல முட்டிக்குள் உப்புநீரை ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 1984-ல் வந்தது. 20 முதல் 30 மி.லி. நீரே உள்தொடைத் தசையின் அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது, மற்ற முன்தொடைத் தசைகளுக்கு 50 முதல் 60 மி.லி. வேண்டியிருந்தது. நான்கு முதல் ஆறு டீஸ்பூன் நீர் இருந்தாலே போதும் என்ற கணக்கு. இதில் மனவுறுதிக்கோ சோம்பலுக்கோ இடமே இல்லை.

இதை அம்மாவிடம் திரையைக் காட்டி விளக்கினேன். கொஞ்ச நேரம் அந்தத் தட்டைக் கோட்டையே பார்த்தார். “அப்ப இவ பொய் சொல்லல” என்றார். அவள் அழுதுவிட்டாள். நானும் மன்னிப்புக் கேட்டேன்.

வரவைத்த விதம்

திட்டத்தை மாற்றினோம். வாரம் மூன்று நாள் வந்தாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் இது சாத்தியமானது. தக்காளி பறிக்கும் கூலியில் மூன்று நாள் பஸ் செலவு என்பது அந்த வீட்டுக்குச் சுமை.

வந்ததும் முட்டியைச் சுற்றி 20 நிமிடம் ஐஸ். வீக்கத்துக்கு மட்டும் இல்லை, மூட்டைக் குளிரவைத்தால் கட்டளையை அடக்கும் அந்தத் தடை கொஞ்ச நேரம் தளர்கிறது. அந்த இடைவெளியில்தான் பயிற்சி செய்ய வேண்டும். அடுத்து மின்தூண்டல் கருவியால் தசையைச் சுருங்கவைத்து, அதோடு சேர்ந்து அவளும் இறுக்குவாள். கடைசியில் சென்சார். திரையில் ஒரு கோடு போட்டு வைப்பேன், அன்றைய அவள் சராசரிக்குச் சற்று மேலே. ஆறு நொடி இறுக்கி அதைத் தாண்ட வேண்டும், பத்து நொடி ஓய்வு. பத்தில் எட்டு முறை தாண்டினால் கோட்டை உயர்த்துவேன்.

முதல் எட்டு ஒன்பது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். “அழுத்து” என்றால் பின்தொடை ஓடி வந்துவிடுகிறது. “முட்டிச்சில்லை இடுப்புப் பக்கம் இழு” என்று மனதுக்குள் நினைத்து, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் இறுக்கினால் வலது பக்கக் கோடு அசைகிறது. நோயாளிக்குச் சென்சார் தரும் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே உணர்வே இல்லாத இடத்தில், பத்து வழிகளில் எது வேலை செய்கிறது என்று அந்த நொடியிலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான் கையால் தொட்டு அந்த அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஜூன் மூன்றாவது வாரம் ஒரு நாள் 96 காட்டியது. முந்தின தடவை 52. எல்லோருக்கும் சந்தோஷம், அம்மா மறுநாள் ஒரு பை தக்காளி கொண்டு வந்தார். அடுத்த முறை 58. அவள் முகம் விழுந்துவிட்டது, முட்டியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள். தேடிப் பார்த்ததில் தவறு என்னுடையது. அந்த 96 வந்த நாளில் அவசரத்தில் கோடு போட்டு அளக்காமல், கண் மதிப்பில் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தேன், இரண்டு செ.மீ. தள்ளி. அதே தசைதான், ஆனால் அளவு அவ்வளவு மாறுகிறது. அவளிடம் அப்படியே சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. கெட்டியான டிரான்ஸ்பரன்ட் ஷீட்டைத் தொடை மேல் வைத்து, அறுவைத் தழும்பு, இரண்டு மச்சம், முட்டிச்சில்லின் விளிம்பு, எலக்ட்ரோடு வட்டம் எல்லாவற்றையும் மார்க்கரால் வரைந்துகொண்டோம். ஒவ்வொரு முறையும் தழும்பையும் மச்சத்தையும் பொருத்திப் பார்த்தால் ஸ்டிக்கர் அதே இடத்துக்கு வந்துவிடும். அதோடு வெறும் மைக்ரோவோல்ட்டை நாளுக்கு நாள் ஒப்பிடுவதை நிறுத்தினோம். அன்றன்று இடது காலை முழு பலத்தோடு இறுக்கவைத்து அதை நூறாக வைத்து, வலது எத்தனை சதவீதம் என்று பார்த்தோம். வியர்வை, வெயில், ஜெல் காய்ந்திருப்பது எல்லாம் இரண்டு காலையும் ஓரளவு ஒரே மாதிரி பாதிக்கும் என்பதால் இது கொஞ்சம் நம்பகமானது. முட்டியைச் சுற்றி வீக்கம் இருக்கும்வரை அந்தப் பக்க அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

இன்னொரு தொல்லை மின்சாரம். கிளினிக்குக்குப் பின்சுவர் ஒட்டி ஒரு மாவு மில். மோட்டார் ஓடினால் அவள் காலைத் தளர்த்திப் படுத்திருக்கும்போதே 25 மைக்ரோவோல்ட் காட்டும், ஓய்வில் அது சில மைக்ரோவோல்ட்தான் இருக்க வேண்டும். 35 வரும் தசையை அளக்கும்போது 25 என்பது சத்தம் என்றால் என்னத்தைப் பார்ப்பது? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை மட்டும் வெட்டும் வடிகட்டி கருவியிலேயே இருக்கிறது, ஆனால் தசையின் சமிக்ஞையும் அந்த இடத்தில்தான் நிறைய இருக்கிறது, வெட்டினால் அதுவும் போகும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றினேன், வயர்களை முறுக்கி ஒன்றாக்கினேன், பொது எலக்ட்ரோடைத் தசை இல்லாத முழங்கால் எலும்பின் மேல் ஒட்டினேன், தோலை இன்னும் நன்றாகத் துடைத்தேன். பாதி குறைந்தது. மீதிக்கு, மில் திறக்குமுன் காலை ஏழு மணிக்கு அவளை வரச்சொன்னேன். மாதப் பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை இருந்த ஒரு நாளில் எடுத்த பதிவுதான் இன்றுவரை என்னிடம் இருப்பதில் மிகச் சுத்தமானது.

ஜூலை முடிவில் உள்தொடை 70 சதவீதம். தொங்கிய எட்டு டிகிரி இல்லை. நடை நேரானது.

பதிவு சரி, பலம் சரியில்லை

குந்தி எழும் பயிற்சியில் பார்க்க அழகாகத்தான் செய்தாள். இரண்டு பாதத்துக்கும் அடியில் தனித்தனி எடை மெஷின் வைத்தேன், சாதாரண வீட்டு மெஷின்தான். இடதில் பத்துப் பதினைந்து கிலோ கூடுதலாக இருந்தது. இடுப்பைத் துளி நகர்த்தி நல்ல காலில் சாய்ந்துகொள்கிறாள், அவளுக்கே தெரியாது. எடை மெஷின் முள்ளையும் சென்சார் கோட்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு மாதம் செய்ததில் அது சரியானது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

செப்டம்பர் கடைசியில், ஏழாவது மாதம், சென்சார் 92 சதவீதம் காட்டியது. கோச்சுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே போன். “மேடம், மிஷின்லயே தொண்ணூறு வந்துடுச்சாமே, நவம்பர்ல ஒரு டோர்னமென்ட் இருக்கு.” அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய்ப்பு போய்விடக்கூடாது என்ற தவிப்பு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டி இறுதியில் நம் பெண்கள் சீனத் தைபேயை 26-25 என்று வென்றதைப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டியவர் அவர்தான்.

அவளை மேஜையில் உட்காரவைத்து, கணுக்காலில் பட்டையைக் கட்டி, மேஜைக் காலில் மாட்டிய டிஜிட்டல் தொங்கு தராசில் இணைத்தேன். முட்டி 90 டிகிரியில் மடங்கியிருக்க, முழு பலத்தோடு உதைக்கச் சொன்னேன். இடது காலோடு ஒப்பிட்டால் வலது 74 சதவீதம்தான்.

மேலே சொன்ன வித்தியாசம் இதுதான். கட்டளை முழுசாக வந்து சேர்கிறது, வாங்கிச் செய்யத் தசை இன்னும் போதவில்லை. தொடை அப்போதும் இரண்டு செ.மீ. சிறியது. சென்சாரை மட்டும் நம்பியிருந்தால் அவளை நவம்பரில் களத்தில் இறக்கியிருப்போம். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று நார்வேயில் நடந்த ஆய்வு 2016-ல் சொன்னது. முன்தொடை பலம் மறுகாலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கோச்சை வரவழைத்து தராசை அவர் கண் முன்னால் வைத்தேன். திரையில் ஓடும் கோட்டைவிடக் கிலோ அவருக்குச் சட்டென்று புரிந்தது. “சரிங்க மேடம், பொங்கல் வரைக்கும் கேக்க மாட்டேன்” என்றார்.

அதன்பின் நான்கு மாதம் எடைப் பயிற்சிதான் முக்கியம். சென்சாரை வாரம் ஒரு முறைதான் எடுத்தேன்.

மண்ணில் கால் படும் முன்

கடைசிக் கட்டத்தில் மட்டும் அது மறுபடி அவசியமானது. ஜவ்வு கிழியும் காட்சிகளை வீடியோவில் அலசியவர்கள், கால் தரையைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லி வினாடிக்குள் அது நடந்துவிடுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டளை வந்து தசையில் இழுவிசையாக மாறுவதற்கே அதற்குக் குறையாத நேரம் பிடிக்கும். ஆக, கால் பட்ட பிறகு தசை விழித்துப் பயனில்லை. பாதம் காற்றில் இருக்கும்போதே பின்தொடை இறுகத் தொடங்கியிருக்க வேண்டும். அவளுக்கோ அந்தப் பின்தொடையிலிருந்துதான் நாண் எடுத்திருக்கிறது.

30 செ.மீ. பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கவைத்து, பின்தொடையின் உள்பக்கம் ஒரு சேனல் வைத்துப் பதிந்தோம். கால் படும் நேரத்தைப் பிடிக்க, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்து, தொடக்கத்தில் எலக்ட்ரோடு மேல் ஒரு தட்டு தட்டி இரண்டையும் பொருத்தினோம். குதிக்கும்போது வயர் ஆடினாலே பொய்யான முகடு வரும், அதனால் வயர் முழுவதையும் தொடையோடு டேப் போட்டு ஒட்டினோம். மில்லி வினாடி துல்லியம் இதில் வராது, ஆனால் இடது வலது வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. இடது காலில் தரை தொடுமுன்பே கோடு எழுந்துவிட்டது. வலதில் தொட்ட பிறகுதான்.

ஆறு வாரம் குதித்தல், நிறுத்தல், திரும்புதல். முதலில் முட்டியை லேசாக மடக்கி மெத்தென்று இறங்குவது, பிறகு நான் கை காட்டிய பக்கம் திரும்புவது, பிறகு தங்கை எதிரே நின்று பிடிக்க வர, தொட்டுவிட்டுப் பின்னால் வருவது. 30 வினாடி மூச்சடக்கிப் பாடிக்கொண்டே செய்யவைத்தேன், ஏனென்றால் ரெய்டில் அவள் கவனம் காலில் இருக்காது. களைத்தபின் அளந்தபோதும் வலது பின்தொடை முன்கூட்டியே எழும்புவதை டிசம்பர் நடுவில்தான் முதல்முறை பார்த்தேன்.

சென்சார் சொல்லாத விஷயம் ஒன்று மிச்சமிருந்தது. அளவு எல்லாம் சரியாக இருந்தும், பயிற்சி மைதானத்தில் வலது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடம் வந்தால் அவள் ஒரு எட்டு கூட வைத்து இடது காலுக்கு மாறிவிடுவாள். பயம். அதைப் பற்றிப் பேசிப் பேசித்தான் தீர்த்தோம், நானும் அவளும், பிறகு முன்பு இதே அறுவை செய்து திரும்ப ஆடும் ஒரு மூத்த வீராங்கனையும். அந்த அக்கா வந்து தன் தழும்பைக் காட்டி அரை மணி நேரம் பேசியது, என் இரண்டு மாத வேலைக்குச் சமம்.

ஜனவரி முதல் வாரம் தொங்கு தராசில் 91 சதவீதம். ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் 94. அறுவை முடிந்து பத்தரை மாதம் நெருங்கியிருந்தது. பொங்கல் போட்டி மண் தரை என்பதால் அவளே வேண்டாம் என்றாள். “மேட்ல முதல்ல ஆடறேன்க்கா.” பிப்ரவரியில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் மேட் விரித்த தளத்தில் இறங்கினாள். ஐந்து ரெய்டு மட்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான்காவதில் எதிரணியின் கார்னர் ஆட்டக்காரி கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது வலது காலை ஊன்றித் திரும்பி வெளியே வந்தாள். நான் ஸ்கோரைக் கவனிக்கவில்லை, அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை அளந்தேன், வீக்கம் இல்லை.

இரவல் கருவியை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி அதேபோல ஒன்று சொந்தமாக வாங்கியிருக்கிறேன். அவள் தொடையின் வரைபடம் உள்ள ஷீட் இன்னும் அவள் ஃபைலில் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அதைப் பொருத்திப் பார்த்துவிட்டுப் போகிறாள். இப்போது அரூரிலிருந்து ஒரு ஓட்டக்காரப் பையன் வருகிறான், பின்தொடை கிழிந்து இரண்டாவது தடவை. அவனுக்கு நேற்றுத்தான் ஷீட் வரைந்தேன்.